கடலைத்தண்ணி அக்கா

என் ஆட்டோவுல முட்டைத் தட்டு ஏத்தக்கூடாதுன்னு எனக்குச் சட்டம் போட்டது அந்த அக்கா ஒண்ணுதான். போலீஸ்காரன், ஆர்டிஓ யாரும் அப்படி ஒரு சட்டம் போட்டதில்ல. மேல்விஷாரம் ஸ்டாண்டுல வண்டி போடறவன் காலையில பொட்டிக்கடைங்களுக்கு முட்டை எறக்காம வேற இன்னா பண்ணுவான்? அதெல்லாம் அந்த அக்காகிட்ட சொல்லி வேலைக்கு ஆவாது.

முதல் தடவ அது என் வண்டியில ஏற வந்தது நல்லா ஞாபகம் இருக்குது. ரெண்டு கையிலயும் கேக் டப்பா. ஏறல. குனிஞ்சு சீட்ட மோந்து பாத்துச்சு.

"தம்பி, இங்க முட்டை ஒடஞ்சிருக்குது."

"அது எப்பவோக்கா. தொடச்சிட்டேன்."

"தொடச்சா வாடை இன்னாத்துக்கு வருது?"

"டப்பா மூடித்தானக்கா இருக்குது. உள்ளயா பூந்துடும்?"

"சாப்புடறவங்க கையாலதான டப்பாவத் தொறக்கணும்?"

அவ்ளோதான். ஸ்டாண்டுல இருக்கறவங்க எல்லாரும் பாக்க, டீக்கடையில பக்கெட் வாங்கி, சோப்பு போட்டு நான் சீட்டக் கழுவுனேன். கழுவி முடிக்கிற வரைக்கும் அது டப்பாவ எங்கயும் வைக்கல, கையிலயே ஏந்திக்கினு நின்னுச்சு. "இந்த மூலையில இன்னும் போவல"ன்னு நடுவுல ஒரு சொல் வேற. எனக்கு வந்த ஆத்திரத்துல, இனிமே இந்தப் பொம்பளைக்கு வண்டி எடுத்தா என் பேர மாத்தி வைங்கடான்னு சொன்னேன். அடுத்த வாரம் போன் வந்துச்சு. போனேன். பேரும் மாறல.

எங்க தெருதான் அக்கா. கேக்குக்கு முன்னாடி ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனியில செக்கர். லைன் கடைசியில டியூப்லைட்டுக்குக் கீழ ஒரு டேபிள். தச்சு முடிச்ச ஷூ எல்லாம் அது கையத் தாண்டித்தான் பேக்கிங்குக்குப் போவணும். எங்கயாவது தையல் பிசகி இருந்தா, தோல்ல கீறல் இருந்தா, செவப்பு கலர்ல சின்னதா அம்பு மாதிரி ஒரு ஸ்டிக்கர் எடுத்து, தப்பு இருக்கற எடத்தப் பாத்து ஒட்டும். ஒட்டிட்டா அது திரும்பிப் போவணும். யாரு தச்சது, எத்தினி மணிக்குத் தச்சது, அதெல்லாம் அக்கா பாக்காது. லைன்ல இருக்கற பொண்ணுங்க அதுக்கு அம்புன்னே பேரு வச்சிருந்தாங்க. மூஞ்சிக்கு நேராவே கூப்புடுவாங்களாம்.

வேலைய உட்ட பெறகும் இந்தப் பழக்கம் போவல, மிச்ச ஸ்டிக்கரு அது பையிலயே இருந்துச்சு. ஒருநாள் என் வண்டியத் தொடைக்கிறேன், பின்சீட்டுப் பக்கத்துல ரெக்சின் கிழிஞ்ச எடத்துல ஒரு செவப்பு அம்பு. ஒட்டிட்டு எறங்கிப் போயிருக்குது. அந்தக் கிழிசலத் தைக்கிற வரைக்கும் எனக்கு அந்த அம்பு கண்ண உறுத்திக்கினே இருந்துச்சு. என் பொண்டாட்டி சிரிச்ச சிரிப்பு இருக்குதே, "நல்லவேள, உன் நெத்தியில ஒட்டாம உட்டுச்சே"ன்னா.

எல்லாம் சிரிப்பா போனதுன்னு சொல்ல மாட்டேன். கம்பெனியில இருந்தப்ப, ஷிப்மெண்ட் போவற நாள்ல ஒரு தடவ மொத்த லாட்டுக்கும் அம்பு ஒட்டிட்டு எழுந்து நின்னுடுச்சு. உள்பக்கம் லைனிங் ஒட்டுனது சரியில்லையாம். சூப்பர்வைசர் கெஞ்சிப் பாத்தாரு, மேனேஜர் வந்து கத்திப் பாத்தாரு. "நான் பாஸ் போட மாட்டேன் சார். வேணும்னா நீங்க போட்டுக்குங்க"ன்னு பேனாவ நீட்டிடுச்சு. லைன்ல எல்லாரும் ராத்திரி முழுக்க இருந்து பிரிச்சுத் தைக்க வேண்டியதாப் போச்சு. அதுல ஒரு பொண்ணுக்கு மறுநாள் நிச்சயதார்த்தம். முழிச்ச கண்ணோட போய் மணையில உக்காந்துச்சு. அது அக்கா மேல மண்ண வாரித் தூத்துச்சு. கம்பெனி பஸ்ஸுல அக்கா பக்கத்துல யாரும் உக்கார மாட்டாங்க. சீட்டு காலியா இருந்தாலும் அக்கா நின்னுக்கினே வந்து எறங்கும்.

நானா இருந்தா பாஸ் போட்டுட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். உள்பக்கம் லைனிங்கு, எவன் பாக்கப் போறான். இத நான் அக்காகிட்டயே கேட்டேன். "போட்டு நடக்கறவன் பாப்பான்"னுச்சு. இந்த மாதிரி ஆளுங்களோட எப்படிக் குடும்பம் நடத்தறதுன்னு அவங்க வீட்டுக்காரர நெனச்சு எனக்குப் பாவமாயிடுச்சு. அந்த லாட்டு விவகாரத்துக்கப்புறம் கம்பெனியில அத பேக்கிங்ல தூக்கிப் போட்டாங்க. டப்பா மடிக்கிற வேல. கொஞ்ச நாள்ல அதுவே வேணாம்னு நின்னுடுச்சு.

அவங்க வீட்டுக்காரர நான் மாமான்னு கூப்புடுவேன். தங்கமான மனுசன். சிரிச்ச மொகம். அக்கா ஒரு விஷயத்துல பத்து தப்பு பாக்கும்னா மாமா பத்து தப்புலயும் ஒரு நல்லது பாப்பாரு. "பரவால்ல உடு"ங்கறது அவரு வாயிலயே இருக்கும். ரொம்ப வருசம் தோல் பதப்படுத்தற ஷாப்புல தோலுக்கு மினுமினுப்பு ஏத்தற செக்ஷன்ல இருந்தாரு. ஷாப்ப மூடிட்டாங்க. அதுக்கப்புறம் சாயந்திரத்துல தள்ளுவண்டியில சுண்டல் போட ஆரம்பிச்சாரு. வெள்ளைக் கொண்டக்கடலை சுண்டல். மாங்கா துருவிப் போட்டுத் தருவாரு, அப்படி இருக்கும்.

கடலை வேவ வச்ச தண்ணிய தெனம் சாக்கடையில ஊத்துவாரு. ஒருநாள் அக்கா போன்ல ஒரு வீடியோவப் பாத்துட்டு, "அத ஊத்தாத"ன்னு பாத்திரத்தப் புடுங்கிக்கிச்சு. அந்தத் தண்ணிய சுண்டக் காய்ச்சி, ஆற வச்சு அடிச்சா முட்டை வெள்ளைக்கரு மாதிரி நொரையா எழும்புமாம். அத வச்சு முட்டையில்லாம கேக் செய்யலாமாம். தெருவே சிரிச்சுது. சுண்டல் தண்ணியில கேக்கான்னு.

சிரிச்சவங்க எல்லாரும் தின்னோம், அதையும் சொல்லணும். முதல்ல வந்ததெல்லாம் செங்கல்லு. ஒண்ணு உப்பு கரிச்சுது, ஒண்ணு சோப்பு மாதிரி இருந்துச்சு. மாமா கடலை வேவும்போது ஆப்பசோடாவும் உப்பும் போடுவாரு, இல்லன்னா சுண்டல் பூவா வேவாது. அக்காவுக்கு ரெண்டும் ஆவாது. இதுக்குன்னு வீட்ல ஒரு சண்ட, அவருக்கு ஒரு அடுப்பு, அக்காவுக்கு ஒரு அடுப்புன்னு பிரிச்சாங்க. அக்கா குண்டானத் தொட்டா கைய ஒடிச்சிடுவேன்னு உத்தரவு.

நொரை சரியா வந்துச்சான்னு பாக்க ஒரு வழி இருக்குது. சக்கரை போட்டு அடிச்சு முடிச்சதும் பாத்திரத்தக் கவுக்கணும். நொரை விழாம ஒட்டிக்கினு நின்னா சரி. அக்கா அத மாமா தலைக்கு மேல கவுக்கும். அவரும் அசையாம உக்காருவாரு. "உன்ன நம்பி உக்காந்திருக்கேன் பாரு, எனக்கு ஒரு விருது குடுக்கணும்"ம்பாரு. ஒருதரம் பொதக்குன்னு மொத்தமும் அவரு தலையில எறங்குச்சு. நாங்க எல்லாம் சிரிக்கிறோம், மாமாவும் சிரிக்கிறாரு, அக்கா மட்டும் சிரிக்கல. அவரு காதோரத்துலருந்து கொஞ்சம் வழிச்சு விரலால தேச்சுப் பாத்துட்டு, "இன்னும் சுண்டணும்"னு உள்ள போயிடுச்சு.

ஆனா கேக் வந்துடுச்சு. மெத்துன்னு, மேல வெள்ளவெளேர்னு நொரை வச்சு. சனிக்கெழம முட்டை தொடாதவங்க, மாலை போட்டவங்க, வேலூர்ல சேட்டு வீடுங்க, எல்லாரும் கேட்டாங்க. நான்தான் கொண்டு போய்க் குடுப்பேன். முட்டைத் தட்டு ஏத்தறத நான் உட்டதும் அப்பதான். வேற வழி இல்லாமத்தான் உட்டேன்.

சத்துவாச்சாரியில ஒரு டீச்சர். சர்ச்சுக்குப் போற குடும்பம். அவங்க பொண்ணுக்கு முட்டை ஆவாது. ஆவாதுன்னா சொறி அரிப்புன்னு நெனச்சுக்காதீங்க. ஒரு பொட்டு உள்ள போனாலும் ஒதடு வீங்கும், தொண்டை அடைச்சுக்கும், மூச்சு நின்னுடும். கைக்கொழந்தையா இருக்கச்சொல்ல ஒருதரம் அப்படி ஆயி, டாக்டருங்க பொழைக்க வச்சுக் குடுத்திருக்காங்க. அதுலருந்து டீச்சர் எங்க போனாலும் தோள்ல ஒரு மருந்துப்பை. பொறந்தநாள்னா இட்லிய அடுக்கி மேல மெழுகுவத்தி வைப்பாங்களாம். வேற பசங்க பொறந்தநாளுக்குப் போனா அந்தப் பாப்பா ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கினு நிக்குமாம். பழக்கி வச்சிருக்காங்க.

அந்த டீச்சர் அக்கா சமையக்கட்டப் பாக்கணும்னு வந்தாங்க. கேள்வி கேக்க வந்தவங்கள உக்கார வச்சு அக்கா கேள்வி கேட்டுச்சு.

"முட்டை மட்டுந்தானா, பாலு, கடலை எல்லாம் ஒத்துக்குமா?"

"சுண்டல் நல்லா சாப்பிடுவா. பாலும் ஒண்ணும் பண்ணாது."

"முட்டை வெந்தது பட்டாலும் ஆவாதா? முட்டை அடிச்ச கரண்டிய கழுவிட்டுப் போட்டா?"

"ஆகாதுங்க. எல்லாரும் கொஞ்சம் குடுத்துப் பாரு, பழகிடும்னு சொல்றாங்க. என் மாமனாரே சொல்றார்."

"அவங்க பேச்ச உடும்மா. நீ சொல்லு."

டீச்சருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. இத்தனை வருசத்துல ஒருத்தரும் இப்படிக் கேக்கலன்னாங்க. அக்கா தண்ணி குடுத்துச்சு, ஆறுதல் சொல்லல. அந்த கேக்குக்குன்னு புதுசா பாத்திரம், புதுசா பீட்டரு. அக்கா வீட்ல முட்டை வாங்கறதையே நிறுத்துச்சு. மாமா ஆம்லெட்டுக்கு ஏங்கிக்கினு என் வீட்டுக்கு வருவாரு.

பாப்பாவோட பொறந்தநாள் ஒரு ஞாயித்துக்கெழம. சர்ச்சு முடிஞ்சு மத்தியானம் வீட்ல ஜெபம், கேக் வெட்டறது, சாப்பாடு. நான் காலையிலயே கேக்கக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துட்டேன். அப்படி ஒரு கேக்க அக்கா அதுவரைக்கும் செஞ்சதில்ல. மேல அலை அலையா வெள்ள நொரை, கூர் கூரா நிக்குது. டப்பாவ மூடும்போது அக்கா மொகத்துல நான் பாக்காத ஒண்ணு இருந்துச்சு. சந்தோசம்.

ஸ்டாண்டுல பேப்பர் பாத்துக்கினு இருக்கேன், அக்கா ஓடி வருது. அது ஓடி நான் பாத்ததே இல்ல. கையில ஒரு பழைய பால்பவுடர் டப்பா.

"வண்டிய எடு. சத்துவாச்சாரிக்கு. கேக்குல முட்டை இருக்குது."

எனக்கு ஒண்ணும் புரியல. வண்டிய எடுத்துட்டேன். ரோட்டுல போகப் போகத்தான் சொன்னுச்சு.

அன்னிக்குக் காலையில கரண்ட்டு இல்ல. மேல வைக்கிற நொரைய அக்கா கையாலயே அடிச்சிருக்குது. தோள்பட்டை உட்டுப் போச்சு, நொரை நிக்கல, தொளதொளன்னு இருந்துச்சு. இன்னும் கொஞ்சம் தண்ணி சுண்டக் காய்ச்சலாம்னு பின்கட்டுக்குப் போயிருக்குது. மாமா பாத்தாரு. பொண்டாட்டி படற பாடு பொறுக்கல. தோல் ஷாப்புலருந்து அவரு கொண்டாந்த வெள்ளப் பவுடரு கொஞ்சம் அந்தப் பால்பவுடர் டப்பாவுல பரண்மேல இருந்துச்சு. செருப்புக்கும் பெல்ட்டுக்கும் மினுமினுப்பு ஏத்த வச்சிருந்தாரு. தண்ணியில கலக்குனா நொரை பொங்கும், அவருக்குத் தெரியும், அத்தனை வருசம் அதத்தான கலக்குனாரு. அங்க இருந்த மேஸ்திரி அத நாக்குல வச்சுக் காட்டி, "சாப்பாட்டுப் பொருள்தான்டா, பயப்படாத"ன்னு சொல்வாராம். எதுலருந்து வந்த சாப்பாட்டுப் பொருள்னு அவரும் சொல்லல, இவரும் கேக்கல. ரெண்டு ஸ்பூன் தூவி அடிச்சாரு. நொரை கல்லு மாதிரி நின்னுடுச்சு. ஒண்ணும் தெரியாத மாதிரி வெளிய வந்துட்டாரு.

கேக் போன பெறகு, சாப்பாடு போடும்போது சிரிச்சுக்கினே சொல்லியிருக்காரு. "உன் நொரைய நிக்க வச்சது யாருன்னு நெனச்ச?"

அக்கா அந்தப் பவுடர வெந்நீர்ல போட்டுப் பாத்துச்சு. வெள்ள வெள்ளையா வெந்து திரிஞ்சுது. மோந்து பாத்துச்சு. அவிச்ச முட்டை வாடை. தோல் பளபளக்க முட்டை வெள்ளைக்கருவ காயவச்சு மாவாக்கித்தான் அங்க போடறாங்கன்னு எனக்கும் அன்னிக்குத்தான் தெரியும்.

"கரண்ட்டு இல்லாம அவ்ளோ நொரை எப்டி நிக்கும்? நான் யோசிச்சிருக்கணும்"னு அக்கா சொல்லிக்கினே வந்துச்சு. "நல்லா வந்துடுச்சுன்னு மூடிட்டேன். பாக்கல. நான் பாக்கல."

டீச்சர் நம்பருக்கு அடிச்சிக்கினே இருந்துச்சு. ரிங்கு போவுது, எடுக்கல. சர்ச்சுல சைலண்ட்ல போட்டிருப்பாங்க. வேற நம்பரும் நம்மகிட்ட இல்ல. ரத்தினகிரி தாண்டுது, பெருமுகை தாண்டுது, என் வண்டி என்ன பிளைட்டா, முறுக்குனா எவ்ளோ போவும்? லாரிக்காரன் ஒருத்தன் ஓரம் உட மாட்டேங்கறான். எனக்கு வாயில வராத வார்த்தையெல்லாம் வந்துச்சு. எப்பவும் "பாத்துப் போ"ங்கற அக்கா அன்னிக்கு, "இன்னும் அழுத்து"ன்னுச்சு.

நான் சொன்னேன், "அக்கா, வெட்டறதுக்கு முன்னால போயிட்டா, கிரீம் கெட்டுப் போச்சுன்னு சொல்லி எடுத்துக்கினு வந்துடலாம். முட்டைன்னு வாயத் தொறந்தா உன் பொழப்பே போயிடும். சேட்டு வீட்லயெல்லாம் இன்னா சொல்வாங்க?"

"சொல்லலாம். அதுக்குள்ள அது ஒரு விரல் தொட்டு நக்கியிருந்தா? கிரீம் கெட்டதுன்னு சொன்னா டாக்டருகிட்ட தூக்கினு ஓடுவாங்களா?"

நான் இன்னும் முறுக்குனேன்.

மாடியில வீடு. வாசல்ல செருப்பு குவிஞ்சு கெடக்குது. உள்ள ஒரே அமைதி, ஒரு குரல் மட்டும் கேக்குது. போதகர் ஜெபம் பண்றாரு. அந்தக் கொழந்தைக்காக, அப்பன் ஆத்தாவுக்காக, தாத்தாவுக்காக, தேசத்துக்காகன்னு போய்க்கினே இருக்குது. ஜெபம் நீண்டுட்டா எரிச்சல் படற ஆளுங்களை நான் பாத்திருக்கேன். அன்னிக்கு அந்த நீட்டம்தான் காப்பாத்துச்சுன்னு நெனச்சு எனக்கு உசிரு வந்துச்சு. ஹால் நெறைய ஜனம், எல்லாரும் கண்ண மூடித் தலை குனிஞ்சிருக்காங்க. நடுவுல டேபிள், கேக்கு, கத்தி. அதுக்குப் பின்னால பாப்பா. பாப்பா மட்டும் கண்ணத் தொறந்திருக்குது.

அக்கா நேரா நடந்துச்சு. யாரும் பாக்கல. டேபிள் கிட்டப் போய் ரெண்டு கையாலயும் கேக்கத் தூக்கிச்சு. பாப்பா அத அண்ணாந்து பாக்குது, வாயத் தொறக்கல. நான் வாசல்லருந்து கையக் காட்டறேன், வந்துடுக்கா, அப்டியே வந்துடு, கீழ எறங்கிடலாம்னு. வந்திருக்கலாம். ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது.

அக்கா நகரல. கேக்கயே பாத்துக்கினு நின்னுச்சு. பக்கவாட்டுல நொரையில சின்னதா ஒரு விரல் கோடு இழுத்திருந்துச்சு.

ஆமென்னாங்க. எல்லாரும் கண்ணத் தொறந்தாங்க. பாத்தா யாரோ ஒரு பொம்பள கேக்கத் தூக்கினு நிக்குது.

"டீச்சர், இதுல முட்டை இருக்குது. என் வீட்ல விழுந்துடுச்சு. பாப்பா விரல் வச்சிருக்குது."

அந்த ஹால்ல அப்ப வந்த சத்தம் இன்னும் என் காதுல இருக்குது. டீச்சர் ஓடியாந்து பொண்ணு கையப் புடிச்சாங்க. பாப்பா கையப் பின்னால ஒளிச்சுக்கிச்சு. "சாப்டியாடி? வாயில வச்சியா?" பாப்பா இல்லன்னு தலையாட்டுச்சு. பயம், பாவம். அவங்கப்பா, "அவதான் இல்லன்றாளே, விடு, ஒண்ணும் இல்ல"ன்னாரு. தாத்தா அக்காவப் பாத்து, "நல்ல நாள்ல சனியன் மாதிரி வந்து நிக்கிறியே, உனக்கெல்லாம் மனசாட்சி இருக்கா"ன்னு கத்தறாரு. சொந்தக்காரங்க ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. தண்ணி குடு, கொஞ்ச நேரம் பாக்கலாம், எதுக்குப் பதட்டம்.

அக்கா கேக்க வாசலுக்கு வெளிய வச்சுட்டு வந்துச்சு. கத்தல, அழல. பாப்பா விரலப் புடிச்சு வெளிச்சத்துல பாத்துச்சு. சுத்தமா இருந்துச்சு.

"டீச்சர், தொட்ட விரலு இவ்ளோ சுத்தமா இருக்காது. துணியிலயும் கறை இல்ல. நக்கியிருக்குது. பைய எடு, கெளம்பு. ஒண்ணும் இல்லாமப் போனா வந்து என் மூஞ்சியில துப்பு."

டீச்சர் அவங்க வீட்டுக்காரரப் பாத்தாங்க, மாமனாரப் பாத்தாங்க, அக்காவப் பாத்தாங்க. பொண்ணத் தூக்கிக்கினு படியில எறங்கிட்டாங்க. பின்னாலயே அந்தப் பையோட அவங்க வீட்டுக்காரரும் ஓடியாந்தாரு. என் வண்டியிலதான் ஏறுனாங்க. தெரு முனை திரும்பறதுக்குள்ள பாப்பா இரும ஆரம்பிச்சுது. கண்ணாடியில பாக்கறேன், ஒதடு தடிச்சு வருது. டீச்சர் பையத் தொறந்து ஊசிய எடுத்துத் தொடையிலயே போட்டுட்டாங்க. நான் ஹாரன்லருந்து கைய எடுக்கல. அந்தப் பாப்பா அழுதுக்கினே, "மம்மி சாரி மம்மி"ன்னு சொல்லுது. நடந்ததே தன் தப்புன்னு அதுக்கு நெனப்பு.

ஆஸ்பத்திரியில உள்ள தூக்கினு போயிட்டாங்க. அக்கா பின்னாலயே வேற ஆட்டோ புடிச்சு வந்துச்சு. அந்தப் பால்பவுடர் டப்பாவ நர்ஸுகிட்ட நீட்டி, இன்னது போட்டது, தோலுக்குப் போடற பவுடரு, வேற இன்னா கலந்திருப்பாங்கன்னு தெரியலன்னு ஒண்ணு உடாம சொன்னுச்சு. எனக்குப் பயம். போலீஸ் கேஸ் ஆயிடுமேன்னு, "வாக்கா, போயிடலாம்"னேன். "அவங்க இன்னா கேக்கணுமோ கேக்கட்டும்"னு செவுத்தோரம் நின்னுச்சு. பெஞ்சு காலியாத்தான் இருந்துச்சு.

ரொம்ப நேரம் கழிச்சு டீச்சர் வெளிய வந்தாங்க. "மூச்சு சரியாயிடுச்சு"ன்னாங்க. எனக்கு அழுகை வந்துடுச்சு, ஒளிச்சு இன்னா பிரயோஜனம்.

"யாரு போட்டது?"ன்னு டீச்சர் கேட்டாங்க.

"என் வீட்ல நடந்தது. நான் பாக்காம உட்டேன்."

மாமா பேரு என் தொண்டை வரைக்கும் வந்துச்சு. அக்கா என்ன ஒரு பார்வ பாத்துச்சு, முழுங்கிட்டேன்.

டீச்சர் சத்தமாப் பேசல. "எந்த கேக் கிட்டயும் அவ போகவே மாட்டா. கையப் பின்னால கட்டிக்குவா. இது உனக்குன்னே செஞ்சது, நீ தொடலாம்னு நான்தான் சொன்னேன். உங்கள நம்பித்தான் சொன்னேன்"னாங்க. அப்புறம் உள்ள போயிட்டாங்க. அக்கா தலை குனியல. அடி வாங்கறவங்க மாதிரி நேரா நின்னு வாங்கிக்கிச்சு.

அதோட கேக்கு நின்னுச்சு. வாங்கறவங்க ஒவ்வொருத்தருக்கும் அதுவே போன் போட்டு நடந்தத சொன்னுச்சு. நான் தலையில அடிச்சுக்கினேன். சேட்டு வீட்ல எல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டுனாங்க, காதுல போன வச்சுக்கினே கேட்டுச்சு. மாமாவத்தான் ஒண்ணும் சொல்லல. சோறு போட்டுச்சு, கடலை ஊற வச்சுக் குடுத்துச்சு. அந்த மனுசன் என் வீட்டு வாசல்ல வந்து உக்காந்து, "டேய், உங்கக்காவ என்ன ஒரு வார்த்த திட்டச் சொல்லுடா. செருப்பால கூட அடிக்கட்டும். இது தாங்கல"ன்னு அழுதாரு. நான் போய்ச் சொன்னேன். "அவரு எனக்கு நல்லது பண்ண நெனச்சாரு. கடைசியில பாக்க வேண்டியவ நான்தான"ன்னுச்சு.

ஒரு வருசம் போச்சு. டீச்சர் எனக்குப் போன் பண்ணாங்க. பாப்பா பொறந்தநாள் வருதாம். அவங்களே கடலைத்தண்ணி வச்சு செஞ்சு பாத்தாங்களாம். நல்லாத்தான் வந்துச்சாம். ஆனா பொண்ணு வாயில ஊட்டப் போவும்போது பயந்து இவங்களே கீழ போட்டுடறாங்களாம். "அவங்கள வரச் சொல்லுங்க"ன்னாங்க.

அக்கா முடியாதுன்னுடுச்சு. "என் கை பட்டது போதும்."

நான் போன அது காதுல வச்சேன். டீச்சர் பேசுனது எனக்கும் கேட்டுச்சு. "நீங்க ஒண்ணும் தொட வேணாங்க. பக்கத்துல நின்னு பாத்தாப் போதும். அன்னைக்கு அத்தனை பேர் ஒண்ணும் இல்லன்னப்ப நீங்க ஒருத்தர்தான் இருக்குன்னு சொன்னீங்க. இன்னைக்கு இல்லன்னு சொல்லவும் நீங்கதான் வேணும்."

போனோம். டீச்சர் வீட்டுச் சமையக்கட்டு வாசப்படியில, முந்தானைய ரெண்டு கையிலயும் சுத்திக்கினு அக்கா நின்னுச்சு. உள்ள கால் வைக்கல. கண்ணு மட்டும் டீச்சர் கை போற எடமெல்லாம் போவுது. "அந்தக் கரண்டி எங்க இருந்துச்சு?" "புதுசுங்க." "இன்னொருதரம் கழுவுங்க." "அந்தச் சக்கரை டப்பாவ முட்டை தொட்ட கையால யாராவது தொறந்திருப்பாங்களா?" "இந்த வீட்ல முட்டையே இல்லங்க." அந்தத் தாத்தா ஹால்ல உக்காந்து எல்லாத்தையும் கேட்டுக்கினு இருந்தாரு.

கேக்கு ஆறுச்சு. மேல நொரை வச்சாங்க. பாப்பா வந்து டேபிள்கிட்ட நின்னுச்சு. ரெண்டு கையும் பின்னால. டீச்சர் அக்காவத் திரும்பிப் பாத்தாங்க. அக்கா ரொம்ப நேரம் அந்தக் கேக்கப் பாத்துட்டு, "குடுங்க"ன்னுச்சு. சொன்ன கையோட விறுவிறுன்னு படி எறங்கிப் போயிடுச்சு.

நான் கீழ வந்தேன். அக்கா என் ஆட்டோ கம்பியப் புடிச்சுக்கினு, வீட்டுக்கு முதுகக் காட்டிக்கினு நிக்குது.

"மேல போய்ப் பாத்துட்டு வா."

போய்ப் பாத்தேன். எறங்கி வந்தேன். "அக்கா, மொதல் துண்டத் தின்னு முடிச்சிடுச்சு. இன்னொரு துண்டு கேக்குது"ன்னேன்.

அக்கா திரும்பல.

"கேக்கட்டும். ஒதடு எப்டி இருக்குது, அத சொல்லு."